களைதலும் அணிதலும்

பழைய பொம்மை ஒன்று கைக்கு வந்தால் அதனிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "நீ யார்?" என்பதுதான். எந்த ஊரில் செய்தது, என்ன மரம், எத்தனை வயது, யார் வீட்டில் இருந்தது என்று அந்த ஒன்றுக்குள் பல கேள்விகள் அடக்கம். மனிதன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஞானிகள் சொன்ன கேள்வியும் இதுதான். ஆனால் நம்மை நாமே கேட்கும்போது பதில் உடனே வந்து விழுந்துவிடுகிறது. பெயர், ஊர், வேலை, உறவு என்று அடுக்கி முடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பொம்மை அப்படி எதையும் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் கேட்டவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்கப் பழகுவதற்கு ஒரு மரப்பாச்சி போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாகம் பிரிந்த வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், பித்தளை அண்டாக்கள், பர்மாத் தேக்கு நிலைகள் எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு கடையில், உடைந்த ஐந்தறைப் பெட்டிக்குள் இந்த மரப்பாச்சி இருந்தது. சாண் உயரம், பெண் பொம்மை. கடைக்காரர் என் கையில் அதைப் பார்த்துவிட்டு, "ஜோடி இல்லம்மா. ஒத்தையா யாரும் கொலுவுக்கு வாங்கறதில்ல" என்றார். விற்பவரே குறையைச் சொல்லிவிட்டதால் பேரம் பேச ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து துணியைப் பிரிக்கத் தொடங்கினேன். மேலே ரோஸ் நிற நைலான் வலைத்துணி, ஓரமெல்லாம் ஜிகினா, பசை வைத்து ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் கிரேப் காகிதப் பாவாடை. ஈரம் பட்டுச் சாயம் இறங்கி மரத்தில் பச்சையாகப் படிந்திருந்தது. அதற்கும் அடியில், ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சியது போன்ற ஒரு பட்டுத் துண்டு. அது ஒட்டியதல்ல, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டது. அதன் பிறகுதான் மரம். நெற்றியில் குங்குமக் கறை, கழுத்தில் சந்தனம் காய்ந்த தடம், உடலெங்கும் எண்ணெய் ஏறி ஏறி வந்த கருமை.

பழைய பொருளை இனங்காண்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வெளியே தெரியும் உடை, கடைசியாக உடுத்தியவரின் காலத்தைத்தான் சொல்லும். நைலானைப் பார்த்துவிட்டு, இது நைலான் வந்த பிறகு செய்த பொம்மை என்று முடிவு கட்டினால் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். கொலுப் பெட்டியில் சுற்றி வைத்த செய்தித்தாளும் அப்படித்தான். அதிலுள்ள தேதி பொம்மை உறங்கப் போன நாள். பிறந்த நாள் அல்ல. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதை ஊகிக்கக் கூடாது, ஒவ்வொன்றாக விலக்கித்தான் போக வேண்டும். பிருகதாரண்யக உபநிடதம் "இதுவல்ல, இதுவல்ல" என்று விலக்கிக்கொண்டே போகும் வழியைக் காட்டுகிறது. நூல்களில் படிக்கும்போது அது கடினமான தத்துவமாகத் தெரியும். ஒரு பொம்மையின் உடையைக் களையும் விரல்களுக்கு அது எளிதாகப் புரிந்துவிடுகிறது.

உடை போனதும் மரம் பேசத் தொடங்கியது. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியில் செய்யும் பொம்மை என்றால் கையில் பஞ்சுபோல இருக்கும். தெல்ல போணிகி என்ற மிக லேசான மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்து ஒட்டி, மேலே வண்ணம் தீட்டுவார்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலிருந்தோ ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாகாவிலிருந்தோ வந்திருந்தால் வெட்பாலை மரமாக இருக்கும். கடைசலில் சுழற்றியதால் உடல் உருண்டையாக, அரக்கு வண்ணம் மினுமினுப்பாக இருக்கும். பண்ருட்டிப் பொம்மை களிமண்ணிலோ காகிதக் கூழிலோ அச்சில் வார்த்தது; உள்ளே கூடாக இருக்கும். இது அவை எதுவுமல்ல. ஒரே கட்டையில் செதுக்கியது. கைகள் உடலோடு ஒட்டியே இருக்கின்றன, முதுகு தட்டை, பாதத்தின் கீழே அதே கட்டையில் ஒரு பீடம். எங்கும் வண்ணமில்லை. அளவுக்கு மீறிய கனம்.

அந்தக் கனமே பெரிய அடையாளம். மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்வதுதான் பழைய முறை. ஆந்திரத்தில் திருப்பதி, கடப்பை மலைகளைச் சுற்றிய கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிதான் அந்த மரத்துக்குப் பிறந்த வீடு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. மெதுவாக வளரும் மரம். வயிரம் ஏறிய கட்டை தண்ணீரில் மிதக்காமல் மூழ்கிவிடும். திருப்பதிக்குப் போய்த் திரும்பியவர்கள் பிரசாதத்தோடு மரப்பாச்சி ஜோடியையும் வாங்கி வந்த காலம் உண்டு. கட்டுக்கடங்காமல் வெட்டப்பட்டதால் 1995 முதல் அந்த மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இன்று கடைகளில் மரப்பாச்சி என்று கிடைப்பதில் பெரும்பாலானவை வேறு மரத்தில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றியவை. கையில் எடுத்த கணமே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

மரம் இதுவாக இருக்கலாம் என்று தெரிந்தது. செய்தவர் யார்? அதற்கு எந்தக் குறியும் இல்லை. ஜெர்மனியில் துரிங்கியா வட்டாரத்தில் செய்த பழைய பீங்கான் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் முதலில் பொய்முடியைத் தூக்கிக் கழுத்தின் பின்புறத்தைப் பார்ப்பார்கள். தயாரிப்பாளர் பெயர், அச்சு எண், நாட்டின் பெயர் எல்லாம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்மாண்ட் மார்செய் நிறுவனத்தின் 390-ஆம் எண் முகம் ஏராளமான பொம்மைகளில் உண்டு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் கொண்டுவந்ததால், அங்கே விற்ற பொம்மைக்குக் கழுத்தெழுத்தை வைத்தே காலம் கணிக்கலாம். அப்படிப் பெயர் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. தலை ஓர் ஊரில் சுட்டது, உடல் இன்னோர் ஊரில் செய்தது, கண்ணாடிக் கண் லௌஷா என்ற மலைக்கிராமத்தில் ஊதியது, இமை மயிரைத் தூரிகையால் வரைந்தது யாரோ ஒருவரின் கை. கழுத்தில் இருப்பது ஒரு பெயர். பொம்மைக்குள் இருப்பது பல பேரின் உழைப்பு. எழுதிய பொம்மையும் எழுதாத பொம்மையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுசேர்க்கின்றன.

நம் வீடுகளில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லாமலில்லை. சீர்வரிசையில் வந்த குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயரெழுத்து வெட்டியிருக்கும். அதே சீரோடு வந்த மரப்பாச்சியில் மட்டும் யாரும் எதையும் வெட்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. பாத்திரம் விசேஷ வீடுகளுக்கு இரவல் போகும், மற்ற வீட்டுப் பாத்திரங்களோடு கலந்துவிடும், திரும்பி வர வேண்டும். மரப்பாச்சி எங்கும் போகப் போவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், அவ்வளவுதான். தொலையாது என்று நம்பியதில்தான் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையின் வெற்றிடம்தான் இன்று கடைத்தெருவில் விலாசமில்லாமல் கிடக்கிறது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நமக்கு மிக நெருங்கியவற்றில் நாம் பெயர் எழுதி வைப்பதில்லை என்பதையும் அந்த வெற்றிடமே சொல்கிறது.

ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தையிடம் பொம்மையைக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். என்னைப்போல முகத்தையோ முதுகையோ பார்க்கவில்லை. கவிழ்த்துப் பீடத்தின் விளிம்பைத் தடவினார். அங்கே சிறு சிறு பள்ளங்கள் இருந்தன.

"பல்லு பட்ட இடம்டி இது. கொலுப் பெட்டியிலேயே கெடந்த பொம்மையில்ல. கொழந்தை கடிச்சு வளர்ந்திருக்கு."

செம்மரம் உடம்புக்குக் குளிர்ச்சி, குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். பல் முளைக்கும் பருவத்தில் பிள்ளைகள் கையில் மரப்பாச்சியைக் கொடுத்தார்கள். மரத்தையும் ஊரையும் காலத்தையும் தேடிக்கொண்டிருந்த நான் காணாத ஒன்றை அத்தையின் விரல் கண்டுவிட்டது. செய்தவர் எழுதாமல் விட்ட இடத்தில் விளையாடிய குழந்தை எழுதியிருக்கிறது. இந்தப் பொம்மைக்கு இருக்கும் ஒரே கையெழுத்து அந்தப் பல்வரிசைதான்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. செம்மரத்தின் சிவப்புத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சாராயத்தில் கரையும். அடியில் கொஞ்சம் சுரண்டி ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் சொல்லிவிடும். பெங்களூரில் மர அறிவியலுக்கென்றே மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒரு சில்லு வெட்டிக் கொடுத்தால் உருப்பெருக்கியின் அடியில் வைத்து மரத்தின் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் எதற்கும் ஒரு சில்லு வேண்டும். கத்தி வைக்கத்தக்க இடம் அந்தப் பீடம்தான். அங்கேதான் பல் தடங்களும் இருக்கின்றன. நான் கத்தி வைக்கவில்லை. கனமும் நிறமும் சொன்னது போதும் என்று தோன்றியது.

அறிவுக்கு எல்லை வகுப்பது கோழைத்தனமாகத் தோன்றலாம். பூரி ஜகந்நாதர் கோயிலை நினைத்துப் பாருங்கள். அங்கே மூலமூர்த்திகளே மரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1996-இலும் 2015-இலும் நடந்ததுபோல, புதிய வேப்பமரங்களைத் தேர்ந்து புதுத் திருமேனிகள் செய்கிறார்கள். பழைய திருமேனிக்குள் இருப்பதைப் புதியதற்குள் மாற்றும் இரவில், அதைச் செய்பவரின் கண் கட்டப்பட்டிருக்கும். கைகளில் துணி சுற்றியிருக்கும். எடுப்பவரும் பார்ப்பதில்லை, வைப்பவரும் தொட்டறிவதில்லை. மரம் மாறிவிடுகிறது, ஆனாலும் இவர் அவரே என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அடையாளத்தின் நடுப்புள்ளி எதுவோ அதன் அருகே போகும்போது கண்ணைக் கட்டிக்கொள்ளும் பணிவு அந்த மரபில் இருக்கிறது. தெரிந்துகொள்ளும் ஆசைக்கும் காயப்படுத்தாத அன்புக்கும் இடையே எங்கோ ஒரு கோடு உண்டு. கோடு எங்கே என்பதைப் பொருள் சொல்லாது. கையில் வைத்திருப்பவர்தான் உணர வேண்டும்.

மரத்தில் செய்த யானையைப் பற்றித் திருமூலர் திருமந்திரத்தில் சொல்வதைத் தமிழர்கள் அறிவார்கள். யானையாகப் பார்த்தால் மரம் தெரியாது. மரமாகப் பார்த்தால் யானை மறைந்துவிடும். பொதுவாக இதை ஒரு திசையில்தான் விளக்குவார்கள். யானை மயக்கம், மரம் உண்மை, ஆகவே மரத்தைப் பார் என்று. பழம்பொருளை இனங்காண்பவரின் பார்வை முழுக்க மரத்தின் பக்கம். என்ன மரம், என்ன உளி, எந்த ஊர். குழந்தையின் பார்வை முழுக்க யானையின் பக்கம். அது ஊட்டும், தாலாட்டும், கோபித்துக்கொள்ளும். ஒருவரை அறிவாளி என்றும் மற்றவரை அறியாதவர் என்றும் சொல்லிவிட மனம் வரவில்லை. மரத்தைக் கண்டவர் அங்கேயே நின்றுவிட்டால் அவர் கையில் கடைசியில் ஒரு கட்டை மட்டுமே மிஞ்சும். பல் தடத்தைக் கண்டுபிடிக்க, பொம்மையைப் பொம்மையாகவே பார்த்த ஒருவர் தேவைப்பட்டார்.

நம் கோயில்கள் இந்த இரண்டு பார்வைக்கும் இடம் வைத்திருக்கின்றன. திருமஞ்சனத்தின்போது உற்சவருடைய பட்டும் மாலையும் நகையும் களையப்படுகின்றன. வெள்ளை வஸ்திரத்தோடு, பாலும் தேனும் சந்தனமும் வழிந்தோட, திருமேனி உள்ளபடி தெரிகிறது. உலோகத்தின் தேய்வும் பழமையும்கூடத் தெரியும். பிறகு திரை விழுகிறது. திரை விலகும்போது அலங்காரம். களைந்த கோலத்தைக் கண்டதால் பக்தரின் மனத்தில் தெய்வம் குறைந்துவிடுவதில்லை. அலங்காரத்தைக் கண்டதால் உள்ளே இருந்த கோலம் மறந்துபோவதுமில்லை. இரண்டையும் கண்டவர் எழுந்து போகிறார்.

காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 40 ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்தின் அடியில் சயனத்தில் இருக்கிறார். பட்டில்லை, மாலையில்லை, பார்க்கவும் யாருமில்லை. 2019-இல் வெளியே வந்த 48 நாட்களும் நாளொரு பட்டும் பொழுதொரு மாலையுமாக இருந்தார். முதலில் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். முடிந்ததும் மீண்டும் நீருக்குள். கொலுப் பொம்மைகளும் ஆண்டின் பெரும்பகுதி பெட்டிக்குள் துணிச்சுற்றில் கிடந்து, ஒன்பது இரவுகள் படியேறி நின்று, விஜயதசமி அன்று படுக்கவைக்கப்படுகின்றன. மறைந்திருப்பதும் வெளிப்படுவதும், களைவதும் அணிவதும் மாறி மாறி வருவதே இந்த வழிபாடுகளின் நடை.

பட்டுத் துண்டை நூலால் கட்டிய அந்தப் பழைய கையை இப்போது புரிந்துகொள்ள முடிகிறது. ஒட்டியவர் இது இப்படியே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். கட்டியவருக்கு அடுத்த புரட்டாசியில் அவிழ்க்க வேண்டும், துடைக்க வேண்டும், வேறு கட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவிழ்க்கும்படி கட்டுவது ஒரு தேர்ச்சி. நாம் நமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர், பதவி, பெருமை எல்லாவற்றையும் அப்படிக் கட்டிக்கொள்ள முடிந்தால், காலம் வந்து பிரிக்கும்போது தோல் உரியாது.

"பாத்து முடிச்சாச்சா? குடு இங்க. எத்தனை நேரந்தான் துணியில்லாம வச்சிருப்ப?" என்றார் அத்தை. தன் பையிலிருந்த பழைய புடவைத் தலைப்பிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்துக் கொசுவம் வைத்துக் கட்டினார். நூலால்தான் கட்டினார். எனக்கு அதுவரை அந்தப் பொம்மை ஆராயும் பொருளாக இருந்தது. அத்தைக்கு, துணியின்றி நிற்கும் ஒரு பெண்ணாக இருந்தது. அத்தையும் அதன் பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர்தான், என்னைவிடக் கூர்மையாகவே பார்த்தவர். பார்த்த பிறகு அடுத்து என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜோடி இல்லாத மரப்பாச்சியைக் கொலுவில் வைக்கலாமா என்று கேட்டேன். "அதுக்குத் தெரியுமா ஜோடி இல்லேன்னு? நமக்குத்தான் தெரியும்" என்றார். இனங்காண்பவர் கண்ணுக்கு அது பாதி, விலையும் பாதி. படியில் நிற்கும்போது அது முழுப் பொம்மை. இரண்டும் மெய்தான். எந்த மெய்யை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது.

மனிதர்களிடமும் நாம் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறோம். நடுவயதில் நட்பாகிறவர், திருமணத்தால் வீட்டுக்கு வருகிறவர், நம்மை வளர்த்தே முதிர்ந்துபோன பெற்றோர் என்று யாராக இருந்தாலும், நாம் காணாத பல ஆண்டுகளை வாழ்ந்துவிட்டே நம் எதிரில் நிற்கிறார்கள். மேலே தெரிகிற உடையை வைத்து அவர்களைக் கணித்துவிடுகிறோம். கொஞ்சம் நெருங்கியதும் ஒவ்வொன்றாகக் களைகிறோம். பெருமைக்குப் பின்னால் இருந்த அச்சம், கோபத்துக்கு அடியில் ஏறிய கறை, எப்போதோ யாரோ கடித்த தடம் எல்லாம் தெரியவருகின்றன. அப்படித் தெரிந்துகொண்டதையே வெற்றியாக எண்ணி, அவர்களை அந்தக் கோலத்திலேயே நிறுத்திவைத்துவிடுகிறோம். "எனக்குத் தெரியாதா அவரை" என்ற நம் பேச்சில் எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள்!

தன்னை அறியும் முயற்சிக்கும் இது பொருந்தும். உடல் நானல்ல, பெயர் நானல்ல என்று விலக்கிக்கொண்டே போனவர் ஒருநாள் திரும்பி வந்து அதே உடலுக்குச் சோறிட வேண்டும், அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னவென்று கேட்க வேண்டும். விலக்கியதெல்லாம் பொய் என்று எறிந்துவிட்டால் வாழ்வதற்கு எதுவும் மிஞ்சாது. விலக்கத் தெரிந்தவர் எதையும் இறுக்கி ஒட்டாமல் அணிந்துகொள்கிறார். அவர் அணியும்போது அதில் பற்றில்லை, அன்பு மட்டும் இருக்கிறது.

ஆகவே யாரையேனும் உள்ளபடி அறிந்துகொண்டோம் என்று தோன்றும் நாளில் நம்மிடமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். இவ்வளவையும் களைந்து பார்த்தேனே, இனி இவருக்கு எதை உடுத்தக் கொடுக்கப்போகிறேன்? ஒரு மரியாதையா, ஒரு மன்னிப்பா, பிறர் எதிரில் காக்கும் ஒரு மௌனமா? எதுவாயினும் சரி. அதைக் கட்டிவிட்ட பிறகுதான் நம் அறிதல் நிறைவடைகிறது.